காரின் பின் பிரேக்கும் நம் அறிவியல் வகுப்பும்

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல வேண்டும் என்பது பி.எட். வகுப்பில் நாம் அனைவரும் படித்த கற்பித்தல் விதி. ஆனால் பாஸ்கல் விதியை நடத்தும்போது என்ன செய்கிறோம்? நீரியல் அழுத்தியின் படத்தைக் கரும்பலகையில் வரைகிறோம். நம் மாணவர்களில் நீரியல் அழுத்தியை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. டிஸ்க் பிரேக் பொருத்திய மோட்டார் சைக்கிளையோ காரையோ அன்றாடம் பார்க்காதவர்கள் அதைவிடக் குறைவு. பள்ளிக்கு எதிரே ஒரு மெக்கானிக் கடை இருந்தால், ஒன்பதாம் வகுப்பின் பாதி இயற்பியல் அங்கே தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கட்டுரைக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். காரின் பின் சக்கரங்களில் உள்ள பிரேக் டிஸ்க்கையும் பேடையும் வீட்டு வாசலிலேயே மாற்றும் வேலை அது. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெரு மெக்கானிக் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு என் காரில் இதைச் செய்தேன். ஒவ்வொரு படியிலும் அவர் ஒரு விதியைச் சொன்னார். அந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் நம் பாடநூலில் இருந்தது.

பத்தாம் வகுப்பு முடித்ததும் பட்டறைக்கு வேலைக்குச் செல்லும் மாணவர்கள் நம் பள்ளிகளில் இன்றும் உண்டு. அங்கே 'இப்படிச் செய்' என்பது கிடைக்கும். 'ஏன்' என்பது எப்போதும் கிடைப்பதில்லை. காரணம் தெரியாத விதியை அவசரத்தில் கைவிடுவது எளிது. பிரேக் வேலையில் கைவிடப்பட்ட ஒரு விதி, யாரோ ஒருவரின் உயிருக்கு விலையாகிவிடும். ஆகவே அந்த 'ஏன்' நம் வகுப்பறையில் கிடைக்க வேண்டும்.

பின் பிரேக்கின் அமைப்பு

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டுதான் டிஸ்க். அதன் விளிம்பைக் கவ்விக்கொண்டிருப்பது காலிப்பர். காலிப்பருக்குள் டிஸ்க்கின் இருபுறமும் ஒவ்வொரு பேடு இருக்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே காலிப்பரின் பிஸ்டனுக்கு வருகிறது. பிஸ்டன் உள்புறப் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது.

பிஸ்டன் ஒருபுறம் மட்டுமே இருக்கும்போது வெளிப்புறப் பேடை அழுத்துவது எது? இது மாணவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பெரும்பாலான சிறிய கார்களில் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் நகரக்கூடியது. பிஸ்டன் டிஸ்க்கை ஒரு பக்கம் தள்ளும்போது, காலிப்பரின் உடல் எதிர்ப்பக்கம் நகர்ந்து வெளிப்புறப் பேடை இழுத்து அழுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு ராக்கெட்டையும் துப்பாக்கியையும் மட்டுமே சொல்லிப் பழகிய நமக்கு இது நல்ல மாற்று எடுத்துக்காட்டு.

இனி எண்களுக்கு வருவோம். வகுப்பறைக் கணக்குக்கு எளிய மதிப்புகளை எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநரின் பாதம் 200 நியூட்டன் விசை தருகிறது. பெடல் ஒரு நெம்புகோல். அதன் இயந்திர லாபம் 4 எனில் மாஸ்டர் சிலிண்டருக்குச் செல்வது 800 நியூட்டன். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் விட்டம் 20 மி.மீ., காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 40 மி.மீ. என்க. விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. எனவே பேடின் மேல் விழும் விசை 3200 நியூட்டன். பாதம் தந்ததைப் போல் 16 மடங்கு. (உண்மையான காரில் பூஸ்டர் என்னும் துணைக்கருவி இதை மேலும் பெருக்கும்.) உராய்வுக் குணகம் 0.4 எனில் ஒரு பேடில் 1280, இரு பேடுகளிலும் சேர்த்து 2560 நியூட்டன் உராய்வு விசை. நெம்புகோல், பாஸ்கல் விதி, வட்டத்தின் பரப்பு, உராய்வு ஆகிய நான்கும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன.

மாற்ற வேண்டுமா? அளந்து முடிவெடுத்தல்

முன் பிரேக்கைவிடப் பின் பிரேக் மெதுவாகத் தேயும் என்பது பொதுவான எண்ணம். வண்டி நிற்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் சக்கரங்களே அதிக வேலை செய்கின்றன என்பது உண்மைதான். பேருந்தில் பிரேக் போட்டதும் பயணிகள் முன்னே சாய்வதை மாணவர்கள் அறிவார்கள். ஆனால் இந்த எண்ணத்தினாலேயே பலர் பின்பக்கம் பார்ப்பதே இல்லை. பின் காலிப்பரின் பின்கள் சேறும் தூசியும் ஏறி இறுகிப்போனால், பின் பேடுகள் முன்பக்கத்தை முந்திக்கொண்டு தேய்ந்துவிடும்.

முதலில் பேடு. உலோகத் தகட்டை விட்டுவிட்டு, அதன் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருளின் தடிமனை மட்டும் அளக்க வேண்டும். பல கார்களில் இது 2 அல்லது 3 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்ற வேண்டும் என்று கையேடு சொல்கிறது. நான்கு பேடுகளையும் தனித்தனியே அளந்து அட்டவணையாக எழுதுவது அவசியம். இடது பக்கம் உள்ளே 4, வெளியே 4. வலது பக்கம் உள்ளே 2, வெளியே 5 என்று வந்தால் என்ன பொருள்? வலது பக்கத்தில் பிஸ்டன் தள்ளும் பேடு மட்டும் தேய்கிறது, காலிப்பர் நகரவில்லை, பின்கள் இறுகிவிட்டன. பேடை மட்டும் மாற்றினால் புதுப் பேடும் அதேபோல் தேயும். தரவுகளைத் திரட்டி அட்டவணைப்படுத்தி முடிவுக்கு வருதல் என்று நாம் எழுதும் கற்றல் விளைவுக்கு இது நேரடியான எடுத்துக்காட்டு.

அடுத்து டிஸ்க். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்க்கைப் பயன்படுத்தக் கூடாது. மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, விரிசல் விடலாம், பிஸ்டனும் அளவுக்கு மீறி வெளியே வர வேண்டியிருக்கும்.

இந்த அளவை எடுக்க வெர்னியர் அளவி சரிப்படுமா? மாணவர்கள் உடனே 'ஆம்' என்பார்கள். பேடு படும் பகுதி தேய்ந்து, அது படாத ஓரம் தேயாமல் வரம்பு போல உயர்ந்து நிற்கும். வெர்னியரின் நீண்ட தாடைகள் அந்த வரம்பின் மேல்தான் உட்காரும். தேயாத இடத்தை அளந்துவிட்டு டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். திருகு அளவியின் முனைகள் சிறியவை என்பதால் வரம்பைத் தாண்டித் தேய்ந்த பரப்பின் மேல் படியும். சிறிய கார்களின் பின் டிஸ்க் பெரும்பாலும் 10 மி.மீ. அளவில் இருப்பதால், நம் ஆய்வகத் திருகு அளவிக்குள் அடங்கும். வெர்னியர் மட்டுமே இருந்தால், ஒரே மாதிரியான இரண்டு தட்டையான வாஷர்களை வரம்புக்கு உள்ளே இருபுறமும் வைத்து மொத்தத்தை அளந்து, பிறகு வாஷர்களின் தடிமனைக் கழிக்கலாம்.

என் காரின் வலது டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவு 8.00 மி.மீ. திருகு அளவியில் புரிக்கோல் அளவு 8 மி.மீ., தலைக்கோல் ஒன்றிப்பு 2. மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பதால் 8.02 மி.மீ. 'பொழைச்சுது சார், இன்னும் கொஞ்ச நாள் ஓடும்' என்றார் மெக்கானிக். பிறகு அளவியின் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தோம். தலைக்கோலின் 5ஆவது பிரிவு வரைகோட்டில் நின்றது. நேர் சுழிப்பிழை 0.05 மி.மீ. திருத்திய அளவு 7.97 மி.மீ. டிஸ்க்கை மாற்றியாக வேண்டும்.

திருகு அளவிப் பாடத்தில் சுழித்திருத்தம் என்பது மாணவர்களுக்கு ஒரு மதிப்பெண்ணுக்கான வரி. 'சுழிப்பிழை இல்லை' என்று கருவியைப் பார்க்காமலேயே எழுதிவிடுவதும் நமக்குத் தெரிந்ததுதான். மேலே சொன்ன எண்களைக் கரும்பலகையில் எழுதி, 'இந்த டிஸ்க்கை மாற்றலாமா, வேண்டாமா?' என்று இரு குழுக்களாக விவாதிக்க விட்டேன். 8.02 என்றவர்கள் ஒருபுறம், 7.97 என்றவர்கள் ஒருபுறம். அந்த வாரம் நடந்த செய்முறையில் யாரும் சுழிப்பிழையைப் பார்க்காமல் அளவெடுக்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: டிஸ்க் எல்லா இடத்திலும் சமமாகத் தேயாது. ஏழெட்டு இடங்களில் அளந்து, அவற்றில் மிகக் குறைந்த அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், சராசரியை அல்ல. எப்போது சராசரி, எப்போது சிறும மதிப்பு என்பதும் ஒரு நல்ல கேள்வி.

வேலையின் படிகளும் காரணங்களும்

1. வண்டியை நிறுத்துதல். சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்த வேண்டும். பின் பிரேக்கில் வேலை செய்யும்போது கை பிரேக்கை விடுவித்தாக வேண்டும். ஏனெனில் அது பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. அப்படியானால் வண்டி உருளாமல் இருக்க வேறு வழி தேவை. முன் சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். முன் சக்கர இயக்கமுள்ள கார் என்றால் முதல் கியரிலும் நிறுத்த வேண்டும்.

2. வீல் நட்டுகளைத் தளர்த்துதல். சக்கரம் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டுகளையும் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு சக்கரம் ஸ்பேனரோடு சேர்ந்து சுற்றும். நாம் தரும் விசையில் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவவும் கூடும். பத்தாம் வகுப்பின் திருப்புத்திறன் இங்கே வருகிறது. 100 நியூட்டன் மீட்டர் இறுக்கமுள்ள நட்டைக் கழற்ற 25 செ.மீ. ஸ்பேனர் என்றால் 400 நியூட்டனும், 40 செ.மீ. ஸ்பேனர் என்றால் 250 நியூட்டனும் தேவை.

3. தூக்குதலும் தாங்குதலும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கியதும் கார் தயாரிப்பாளர் காட்டியுள்ள இடத்தில் ஆக்சில் ஸ்டாண்டு கொடுத்து, எடையை அதன் மேல் இறக்க வேண்டும். திரவ ஜாக்கியில் வண்டியைத் தாங்குவது பிஸ்டனைச் சுற்றியுள்ள ஒரு ரப்பர் வளையம். அது கசிந்தால் வண்டி இறங்கும். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது. ஓரிடத்தில் குவியும் அழுத்தத்தில் அவை முன்னறிவிப்பின்றி உடையும்.

4. காலிப்பரைக் கழற்றுதல். பின் போல்ட்டுகளைக் கழற்றிக் காலிப்பரை எடுத்ததும், அதைக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் குழாயில் தொங்கவிட்டால், வெளியே தெரியாமல் குழாயின் உட்பகுதி கிழியலாம். ஆயில் குழாயை இந்த வேலையில் கழற்றத் தேவையில்லை. அதைத் திறக்காதவரை உள்ளே காற்று புகாது.

5. பழைய டிஸ்க்கை எடுத்தல். பேடைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றினால் டிஸ்க் வெளியே வரும். ஆனால் துரு பிடித்து ஹப்போடு ஒட்டியிருக்கும். சுத்தியலால் ஓங்கி அடிப்பதே பலரின் வழக்கம். பல டிஸ்க்குகளில் இதற்காகவே மரையிட்ட இரண்டு துளைகள் உண்டு. அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினால் டிஸ்க் தானாகக் கழன்று வரும். திருகு என்பது சுருட்டி வைத்த சாய்தளம். சிறு விசையைப் பெரு விசையாக்குகிறது. எளிய இயந்திரங்கள் பாடத்துக்கு இது நல்ல சான்று.

6. ஹப்பைச் சுத்தம் செய்தல். யாரும் பார்க்காத இடம் என்பதால் அவசரத்தில் விடுபடுவது இந்தப் படிதான். ஹப்பின் முகத்தில் உள்ள துருவை வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் நீக்க வேண்டும். ஹப்பின் ஆரம் 7 செ.மீ., டிஸ்க்கின் ஆரம் 14 செ.மீ. என்க. ஹப்பின் ஓர் ஓரத்தில் 0.1 மி.மீ. துரு இருந்தால் டிஸ்க் அந்த அளவுக்குச் சாய்ந்து உட்காரும். வடிவொத்த முக்கோணங்களின்படி டிஸ்க்கின் விளிம்பில் ஆட்டம் 0.2 மி.மீ. ஆகிவிடும். அது பேடுகளைத் தட்டித் தட்டி, பெடலில் நடுக்கமாகத் தெரியும். 'புது டிஸ்க் போட்டும் பெடல் நடுங்குகிறது' என்னும் குறைக்கு இந்தத் துருவே அடிக்கடி காரணம்.

7. புது டிஸ்க்கைப் பொருத்துதல். துரு பிடிக்காமலிருக்க அதில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பிரேக் கிளீனரால் துடைத்து எடுக்காவிட்டால் உராய்வுக் குணகம் குறையும். பேடும் எண்ணெயை உறிஞ்சிக் கெட்டுவிடும். டிஸ்க்கை எப்போதும் இடம், வலம் இரண்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் இரு பக்க உராய்வு விசையும் சமமாக இராது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புது டிஸ்க்குக்குப் புதுப் பேடுதான் போட வேண்டும். பழைய பேடின் முகம் பழைய டிஸ்க்கின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். புதுப் பரப்பில் முழுவதும் படியாது.

8. பிஸ்டனை உள்ளே செலுத்துதல். முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இது. முன்பக்கத்தில் பிஸ்டனை நேராக அழுத்தி உள்ளே தள்ளலாம். கை பிரேக்கும் சேர்ந்த பின் காலிப்பரில் பிஸ்டனுக்குள் திருகு புரி இருக்கிறது. திருகு அளவியின் தத்துவமேதான். இதை அழுத்தித் தள்ளினால் உள் பொறி உடையும். அதற்கான கருவியால் அழுத்தியவாறே சுழற்ற வேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழி, சில கார்களில் ஒரு பக்கம் மாறும் என்பதால் கையேட்டைப் பார்ப்பது நல்லது. பிஸ்டன் முகத்தில் உள்ள பள்ளமும் பேடின் பின்னுள்ள முளையும் பொருந்துகின்றனவா என்றும் கவனிக்க வேண்டும். பட்டனால் இயங்கும் மின்னணுக் கை பிரேக் உள்ள காரில், முதலில் அதைப் பழுதுபார்ப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பல கார்களில் அதற்குத் தனிக்கருவி தேவை. அது இல்லாவிட்டால் பட்டறைக்குக் கொண்டுசெல்வதே முறை.

பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் எங்கே போகும்? மேலே உள்ள ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். இதை ஒரு மாணவி தலைகீழாக்கிக் கேட்டாள்: 'அப்படின்னா பேடு தேயத் தேய டப்பாவில் ஆயில் குறையுமா சார்?' குறையும். கணக்கிட்டும் பார்த்தோம். இரு பேடுகளும் தலா 7 மி.மீ. தேய்ந்தால் பிஸ்டன் 14 மி.மீ. வெளியே வந்திருக்கும். 40 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனுக்கு உருளையின் கன அளவு ஏறக்குறைய 17.6 மி.லி.; இரு சக்கரங்களுக்கும் 35 மி.லி. ஆக, ஆயில் மட்டம் மெதுவாகக் குறைவது பேடு தேய்கிறது என்பதற்கான அறிகுறி. திடீரெனக் குறைந்தால் கசிவு. காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்பினால் அந்த அறிகுறியையே அழித்துவிடுகிறோம். பிறகு பிஸ்டனை உள்ளே செலுத்தும்போது டப்பா நிரம்பி வழியும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும்.

9. பின்களும் போல்ட்டுகளும். பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென உள்ள கிரீஸைத் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறைகளை உப்பவைத்துவிடும். பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸ் படவே கூடாது. போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். வீல் நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக இறுக்கினால்தான் சக்கரம் சமமாகப் படியும்.

வேலை முழுவதிலும் மூக்கை மூடும் முகக்கவசம் தேவை. பேடின் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய காலப் பேடுகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் இழைகள் நுரையீரலுக்குக் கேடு. இன்றைய பேடின் நுண்தூசியும் நல்லதல்ல.

நகர்த்துவதற்கு முன்

எல்லாம் முடிந்ததும் வண்டியை எடுத்துப் பார்க்கும் ஆவல் வரும். அதற்கு முன் நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை மிதித்து, அது கெட்டியாகும்வரை பொறுக்க வேண்டும். பிஸ்டன் முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. தெருவில் இறங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. இந்த ஒரு விதியை மட்டுமாவது ஒவ்வொரு மாணவரும் காரணத்தோடு சொல்லும்படி செய்துவிட்டால் பாடம் பயன் தந்துவிட்டது என்பேன்.

பிறகு ஆயில் மட்டத்தையும் கை பிரேக்கையும் சரிபார்த்துவிட்டு, வாகன நெரிசல் இல்லாத சாலையில் மிதமான வேகத்தில் சென்று, முழுவதும் நிறுத்தாமல் பத்து முறையாவது மெதுவாக வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படியும். சிறிது தூரம் ஓட்டிய பின் வீல் நட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

வெப்பமும் மலைப்பாதையும்

பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி. 1200 கி.கி. கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டரில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 2,40,000 ஜூல். அதில் 30 விழுக்காடு பின்பக்கம் செல்கிறது என்றால், ஒவ்வொரு பின் டிஸ்க்கும் 36,000 ஜூல் வாங்குகிறது. 4 கி.கி. வார்ப்பிரும்பு டிஸ்க்கின் தன்வெப்ப ஏற்புத்திறன் 460 ஜூல்/கி.கி. கெல்வின் எனில், ஒரு முறை நிறுத்தினால் வெப்பநிலை சுமார் 20 டிகிரி உயரும்.

இது சிறியதாகத் தோன்றும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையை நினைத்துக்கொள்வோம். 1000 மீட்டர் உயரம் இறங்கும் அதே கார் இழக்கும் நிலை ஆற்றல் 1200 × 9.8 × 1000 = 1,17,60,000 ஜூல். 72 கி.மீ. வேகத்திலிருந்து 49 முறை நிறுத்துவதற்குச் சமம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. தாழ்ந்த கியரில் இறங்கச் சொல்வது இதனால்தான். ஆற்றலின் பெரும்பகுதியை என்ஜின் வாங்கிக்கொள்ளும்.

இங்கே பிரேக் ஆயிலின் வேதியியலும் சேர்கிறது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய நிலையில் தரக் கட்டுப்பாடு கேட்பது 155 டிகிரியை மட்டுமே. பழைய ஆயிலோடு மலையிறங்கினால் அது கொதித்து ஆவியாகலாம். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பாதத்தின் விசை ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. எனவேதான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். மூடி திறந்து நாளான ஆயில் டப்பாவை வாங்கி ஊற்றக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

காரைப் பள்ளிக்குக் கொண்டுவந்து கழற்ற வேண்டியதில்லை, கொண்டுவரவும் கூடாது. தூக்கி நிறுத்திய வண்டியின் அருகே மாணவர்களை அனுமதிப்பது நம் பொறுப்புக்கு ஏற்றதல்ல. கழற்றிப் போட்ட பொருள்களே போதும்.

• மெக்கானிக் கடையில் பழைய டிஸ்க் ஒன்றும் பேடுகள் சிலவும் கேட்டால் தருவார்கள். சோப்பு நீரில் கழுவி உலர்த்திய பின் ஆய்வகத்தில் வைக்கலாம். ஒவ்வொரு குழுவும் எட்டு இடங்களில் தடிமனை அளந்து, சுழித்திருத்தம் செய்து, பொறித்துள்ள அளவோடு ஒப்பிட்டு, 'பயன்படுத்தலாம்' அல்லது 'கூடாது' என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். கையெழுத்து என்றதும் அளவெடுப்பில் வரும் கவனம் வேறு.

• ஊசியில்லாத 5 மி.லி., 20 மி.லி. சிரிஞ்சுகள் இரண்டை ஒரு குழாயால் இணைத்து நீர் நிரப்புக. சிறியதை ஒருவரும் பெரியதை ஒருவரும் அழுத்தட்டும். சிறியதை அழுத்துபவரே வெல்வார். ஆனால் அவர் நகர்த்தும் தூரம் அதிகம். சிரிஞ்சுகளின் விட்டத்தை வெர்னியரால் அளந்து விகிதத்தைக் கணக்கிடச் சொல்லலாம். அடுத்து 2 மி.லி. காற்றை உள்ளே விட்டு மீண்டும் அழுத்தச் சொல்லுங்கள். பிரேக்கில் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்பதை விரலே உணரும்.

• விலையில்லா மிதிவண்டி பெற்ற பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு: உங்கள் வண்டியின் ரிம்மும் ஒரு டிஸ்க்தான், ரப்பர் கட்டைகள்தாம் பேடுகள். நான்கு கட்டைகளின் தடிமனையும் அளந்து அட்டவணை இடுக. எந்தக் கட்டை அதிகம் தேய்ந்துள்ளது? ஏன்? இந்தப் பணியில் தேய்ந்த கட்டைகளைக் கண்டுபிடித்து அன்றே மாற்றிக்கொண்ட மாணவர்கள் என் வகுப்பில் உண்டு.

விவாதத்துக்குச் சில கேள்விகள்:

1. உராய்வு விசை தொடுபரப்பைச் சார்ந்ததல்ல. பிறகு பேடைச் சிறிதாகச் செய்யாமல் அகலமாகச் செய்வது ஏன்? (தேய்மானம், வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு சிந்திக்க.)

2. மழையில் நனைந்த டிஸ்க் முதல் மிதியில் சற்றுக் குறைவாகப் பிடிப்பது ஏன்? சிறிது நேரத்தில் சரியாவது எப்படி?

3. பின் சக்கரங்களுக்கு முன் சக்கரங்களைவிடப் பெரிய பிரேக் கொடுத்தால் என்ன நிகழும்?

வீட்டில் யார் செய்யலாம்?

இவ்வளவும் படித்துவிட்டு உடனே ஜாக்கியை எடுக்க வேண்டும் என்பதில்லை. முதல்முறை செய்பவர் அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆக்சில் ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் பிஸ்டன் சுழற்றும் கருவியும் அந்தக் காருக்குரிய கையேடும் இல்லாதபோது தொடங்கக் கூடாது. ஆயில் கசிவு, வெடித்த குழாய், சுழல மறுக்கும் பிஸ்டன் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் தொழிலறிவில் ஒரு பகுதியே.

நாமே செய்யாவிட்டாலும், வண்டியைப் பட்டறையில் விடும்போது 'டிஸ்க் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?' என்று கேட்கலாம். அதே கேள்வியை, நாளை பட்டறையில் நிற்கப்போகும் நம் மாணவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும்படி செய்யலாம். வரும் அளவீடு பாடத்துக்கு முன், உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள கடையில் ஒரு பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வையுங்கள். திருகு அளவியோடு அதையும் மேசையில் வைத்துப் பாடத்தைத் தொடங்கிப் பாருங்கள்.